அரை டிக்

பார்த்திருக்கிறீர்கள். தொண்ணூறு நாளும் பார்த்திருக்கிறீர்கள். பார்த்துவிட்டு, இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற முகத்தோடு, ஆஸ்பத்திரி வராண்டா பெஞ்சில் என் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களைத்தான் சொல்கிறேன் மாமா. இருபத்தெட்டு வருசம் ஒரே தட்டத்தில் சோறு போட்டுத் தின்ற மனுசன் இப்படி ஒரு கள்ளத்தனம் செய்வார் என்று எவளாவது கற்பூரம் அடித்துச் சொல்லியிருந்தாலும் அவளைத்தான் திட்டியிருப்பேன். நர்ஸம்மா எஸ்தர் அந்த அட்டையைக் கேட்டார், நான் பைக்குள் கையை விட்டு எடுத்தேன், கொடுக்கப் போகிறவள் ஒரு நொடி பார்த்தேன், அவ்வளவுதான். மூன்று மாசத்துக்கு முன்னால் டாக்டர் உமையாள் கொடுத்த அட்டை. தொண்ணூறு கட்டம். "ஹார்மோன் மாத்திரை போட்டதும் அன்னன்னைக்கு ஒரு டிக் அடிச்சிருங்க" என்றார். பேனா பிடிக்கிற வேலை உங்களுடையது என்று நான் உங்களிடம் தள்ளிவிட்டேன், மறந்தும் போனேன். இன்றைக்குப் பார்க்கிறேன், தொண்ணூறு கட்டத்திலும் டிக் இல்லை. டிக்கில் பாதி. கீழே இறங்குகிற குட்டைக் கோடு மட்டும் இருக்கிறது, மேலே ஏறுகிற நெட்டைக் கோடு ஒன்றில்கூட இல்லை. வேறு யார் பார்த்தாலும் சோம்பேறி போட்ட கோடு என்பார்கள். எனக்குத் தெரியும். நான் தொண்ணூறு நாளும் அந்த மாத்திரையில் பாதிதான் தின்றேன். உங்களுக்கும் தெரியும். அதைத்தான் எழுதி வைத்திருக்கிறீர்கள். பொய் எழுத மனசு வரவில்லை, நிஜம் சொல்ல வாய் வரவில்லை, நடுவில் இப்படி ஒரு எழுத்தைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். அடேங்கப்பா.

"போலாமுங்களாம்மா?" என்கிறார் எஸ்தர். ஐம்பதைத் தாண்டியவர், கையில் நிமிசம் பார்க்கிற கடிகாரம். என் சுட்டுவிரலில் ஆக்சிஜன் பார்க்கிற கிளிப்பை மாட்டி, இந்தக் கோடியில் ஒரு சிவப்புக் கூம்பு, அந்தக் கோடியில் ஒரு சிவப்புக் கூம்பு, நடுவில் முப்பது மீட்டர், அது ஒரு நடை, ஆறு நிமிசம் போய்ப் போய் வரவேண்டும் என்கிறார். "ஓடக்கூடாது. பேசக்கூடாது. முடியலைன்னா சுவத்தைப் புடிச்சு நின்னுக்கலாம். ஆனா கடிகாரம் நிக்காது." பேசாமல் நடக்க வேண்டும் என்றால் என்னை எதற்குங்க கூப்பிட்டீர்கள், இதோ இவரைக் கூப்பிட்டிருக்கலாமே, பேசாமல் இருப்பதில் இவருக்குக் கப்பே கொடுக்கலாம் என்றேன். எஸ்தர் சிரித்துவிட்டார். நீங்களும் சிரித்தீர்கள், தரையைப் பார்த்து. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் இன்னும் எரிந்தது. "ஆரம்பிங்க." கால் எடுத்து வைத்தேன். போன தடவை மாத்திரை தொடங்குவதற்கு முன்னால் சரியாக ஒன்பது நடை. இந்தத் தடவை பத்தாவது நடை முடிந்தால்தான் மாத்திரை தொடரும், இல்லாவிட்டால் நிறுத்தம். டாக்டர் அன்றைக்கே பளிச்சென்று சொல்லிவிட்டார். "தெய்வாத்தா, இது மூச்சுக்கான மருந்துன்னு நான் எழுதித் தரமாட்டேன். சூட்டுக்கும் தூக்கத்துக்கும் எலும்புக்கும் குடுக்கறேன். அதெல்லாம் சரியானா நடை கூடும், நடை கூடினா மூச்சுக்கும் லேசா இருக்கும். ஆனா ரத்தம் கட்டிக்கற ஆபத்து இதுல இருக்கு. பலன் கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் தொடருவேன், இல்லாட்டி ஆபத்தை மட்டும் சுமக்கறதுல அர்த்தமில்ல." பேரம் தெரிந்த பெண்பிள்ளை. இந்தா, இதுதான் விலை, மேலே பேச்சில்லை என்று சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். பிடித்தால் மட்டும் போதுமா? என் கை சும்மா இருக்கவில்லையே. முதலில் சொல்கிற விலையை அப்படியே ஒத்துக்கொள்கிறவள் இந்தத் திருப்பூரில் பிழைத்ததாகச் சரித்திரம் உண்டா? பதினாறு வயசில் பனியன் கம்பெனியில் வெட்டி மிஞ்சின வேஸ்ட்டுத் துணியை முதல் லாட் எடுத்தபோது கேட்ட விலைக்குத் தலையாட்டினேன், வீட்டில் கொண்டுவந்து பிரித்தால் மேல்வரிசை மட்டும் துணி, உள்ளே முழுக்க நனைந்து புழுங்கின பஞ்சு. அன்றைக்குப் பஜாரே சிரித்தது. அதற்கப்புறம் யார் எதைச் சொன்னாலும் என் வாய் பாதியில்தான் ஆரம்பிக்கும். ஏனுங் மேனேஜரே, இது வேஸ்ட்டா குப்பையா, கூட்டி அள்ளிட்டுப் போறதுக்கு நீங்கதான் எனக்குக் கூலி குடுக்கோணும், என்று. டாக்டர் ஒன்று என்றார். நான் அரை என்று முடித்துக்கொண்டேன். எதிராளி இல்லாமலே ஒரு பேரம். ஜெயித்துவிட்டதாக நினைப்பு வேறு.

முதல் கூம்பு. திரும்பு. மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த அந்த மடித்த காகிதமும் ஒரு காரணம், அதை நீங்கள்தான் படித்தீர்கள். எறும்பு எழுத்து. கூடத்து விளக்குக்குக் கீழே நின்று, ஒரு எழுத்து விடாமல், ரத்தக்கட்டு, மாரில் கட்டி, பக்கவாதம் என்று ரேசன் கடையில் பேர் வாசிக்கிறமாதிரி வாசித்தீர்கள். நடுவில் ஒன்றிரண்டைத் தாண்டியிருக்கலாம். வேறு புருசன் என்றால் தாண்டியிருப்பான். நீங்கள் தாண்டவில்லை, முழுசும் வாசித்துவிட்டு, மடிப்பு மாறாமல் மடித்து வைத்துவிட்டு, என்னைப் பார்த்தீர்கள். பாதி மாத்திரைக்குப் பாதிப் பயம் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. நூல் வெட்டுகிற டிரிம்மர் கையிலேயே இருந்தது, வைத்து ஒரு அமுக்கு, இரண்டாகப் போயிற்று. பாதி இன்றைக்கு, பாதி நாளைக்கு. டிரிம்மர் பிளேடில் வெள்ளை மாவு ஒட்டும். சாயங்காலம் பார்த்தால் பிளேடு சுத்தமாக இருக்கும். ஃபேன் காற்றில் போயிருக்கும் என்று நினைத்தேன். எந்தக் காற்று? நீங்கள்தான். துடைத்து வைத்திருக்கிறீர்கள். துடைக்கத் தெரிந்தது, கேட்கத் தெரியவில்லை. ஏன் அம்மிணி பாதியாக்கறே என்று மூன்று வார்த்தை. மூன்றே வார்த்தை மாமா.

"ஒரு நிமிசம் ஆச்சுங்கம்மா. நல்லா நடக்கறீங்க. இன்னும் அஞ்சு." நல்லாத்தான் நடக்கிறேன். இரண்டு நடை முடிந்து மூன்றாவது. முதல் இரண்டு நிமிசம் எல்லோரும் ராஜாதான். இந்த நெஞ்சு முதலில் ஒன்றும் சொல்லாது, கடன்காரனைப்போல முன்வாசலில் வராது, பின்கட்டு வழியாக வரும். சின்ன வயசில் குடோன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கலர் வேஸ்ட்டையும் வெள்ளை வேஸ்ட்டையும் பிரிப்போம். வெயில் கதவிடுக்கில் விழும், அந்தக் கற்றையில் பஞ்சுத் தூசி பொன்னாக மிதக்கும், அழகாக இருக்கும், வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அத்தனையும் உள்ளே போயிற்று. நாற்பத்தி ரெண்டில் இருமல், நாற்பத்தி நாலில் மாடிப்படி நின்று நின்று ஏறல், அப்புறம் இது நாள்பட்ட நுரையீரல் நோய், போகாது, வளராமல் பார்த்துக்கலாம் என்று டாக்டர் சொன்னது. மருந்தை மூச்சோடு இழுக்கிற பம்பு, அது கேட்காதபோது ஸ்டீராய்டு மாத்திரை, அந்த மாத்திரை எலும்பை அரித்து, போன ஆடியில் ஒரு மூட்டையைத் தள்ளப்போய் மணிக்கட்டு முறிந்தது. மூட்டை நகரவில்லை, கை நகர்ந்தது. அதோடு சூடு. அந்தச் சூட்டை எந்த ஆம்பளைக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது. மார்க்குழியில் அடுப்புப் பற்றவைத்தமாதிரி கிளம்பி கழுத்து, காது, உச்சந்தலை. அது ஏறும்போதே மூச்சு நழுவும். சூடு வந்து மூச்சு போகிறதா, மூச்சு போய் சூடு வருகிறதா, எது முன்னே எது பின்னே என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கம்பெனி மேனேஜர் விலையை ஏத்திவிடுவான். பேரத்தின் நடுவில் வியர்த்தால் பயந்துவிட்டாள் என்றுதானே நினைப்பான்? எத்தனை லாட் அப்படிப் போயிற்று. நீங்கள் பனியன் பெட்டி அட்டையைக் கிழித்து விசிறுவீர்கள். கேட்காமலே வந்து விசிறுவீர்கள். போங்கள், யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று கத்துவேன். நாலடி தள்ளிப் போய் நின்று, அங்கிருந்து விசிறுவீர்கள். காற்று எனக்கு வராது. ஆனாலும் விசிறுவீர்கள்.

அரை மாத்திரைக்கே கொஞ்சம் கேட்டது, அதுதான் வயிற்றெரிச்சல். இரண்டாவது மாசம் சூடு பாதியானது. மத்தியானம் ஒரு நாள் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்துக்கு நடுவில் தூங்கிப்போனேன், எழுந்தபோது மூன்று மணி, வாயோரம் எச்சில், குழந்தைமாதிரி. மொட்டை மாடியில் காயப்போட்ட துணியை எடுக்க நடுப்படியில் நிற்காமல் ஏறினேன். மேலே போன பிறகுதான் நிற்கவில்லை என்பதே உறைத்தது. கீழே எட்டிப் பார்த்தால் நீங்கள் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கண்ணைத் துடைத்தீர்களா, வெயிலுக்குக் கையை வைத்தீர்களா, இன்றுவரை தெரியாது. அன்றைக்காவது சொல்லியிருக்கலாம், அரைக்கே இப்படியென்றால் முழுசாகப் போட்டால் என்னாகும் அம்மிணி என்று. மூன்று முடிந்து நாலு. கூம்பு. திரும்பு. "ரெண்டு நிமிசம். அருமையா போறீங்க." அருமையா. எஸ்தர் எல்லோருக்கும் இதையேதான் சொல்வார், சட்டம்போல, ஆனாலும் நன்றாக இருக்கிறது கேட்க.

மூன்றாவது நிமிசத்தில் அந்தக் கடன்காரன் பின்கட்டு வழியாக வந்துவிட்டான். தொண்டைக்குக் கீழே யாரோ ஒரு மூட்டைக்கு வாய் கட்டுகிறார்கள், சணல் இறுகுகிறது. உதட்டைக் குவித்து ஊது, ஊதி விடு, இழுப்பதைவிட விடுவது முக்கியம் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வாங்குவதில் கெட்டிக்காரி, விடுவதில்தான் எனக்கு எப்போதும் தகராறு. அஞ்சாவது நடை. அந்த நாளை நினைக்கக்கூடாது என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே நினைத்தேன், நினைக்கக்கூடாது என்று நினைத்ததே நினைத்ததாகிவிட்டது. ஒன்பது வருசம் ஆயிற்று. கர்ப்பப்பையில் கட்டி, எடுத்தாக வேண்டும், மாசத்தில் பதினைந்து நாள் ரத்தம் பெருகி நான் சுண்ணாம்பாக வெளுத்துக் கிடந்தேன். அந்தக் கிழட்டு டாக்டர் நல்லவர். கர்ப்பப்பையை எடுத்துடறோம், சினைப்பை ரெண்டும் நல்லாத்தான் இருக்கு, அதை விட்டுடலாம், உனக்கு வயசு நாப்பதுதானே என்றார். நான் என்ன சொன்னேன்? எப்படியும் வயித்தைக் கிழிக்கறீங்க, அதையும் சேத்து எடுத்துருங்க, நாளைக்கு அதுல ஒண்ணுன்னு இன்னொருக்கா யாரு வந்து படுக்கறது என்றேன். கொசுறு கேட்டேன் மாமா. கீரைக்கட்டு வாங்கினால் கறிவேப்பிலை கேட்கிறமாதிரி, என் உடம்புக்குள் நல்லபடியாக இருந்ததைக் கொசுறாக எடுத்துக்கொள்ளச் சொன்னேன். கொசுறு வாங்குகிறவளுக்குத்தான் லாபம், கொடுக்கிறவளுக்கு அல்ல என்பது இருபத்தி நாலு வருசம் வியாபாரம் பண்ணினவளுக்கு அந்த ஒரு நாள் தெரியாமல் போயிற்று. ஒரே வாரத்தில் சூடு வந்தது. பத்துப் பன்னிரண்டு வருசத்தில் மெல்ல வடிய வேண்டிய ஹார்மோன் ஒரே நாளில் வற்றியது. அதைத்தான் இப்போது மாத்திரையாக வெளியிலிருந்து ஊற்றுகிறார்கள். அதிலும் பாதி போதும் என்றேன்.

அன்றைக்கு நீங்கள் பேசினீர்கள். அதைத்தான் நான் நினைக்கக்கூடாது. கட்டில்காலைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள், என் அண்ணனும் அண்ணியும் இருந்தார்கள், பழம் வாங்கிக்கொண்டு வந்த பக்கத்து வீட்டுக்காரி இருந்தாள். நீங்கள் சொன்னீர்கள்: "நல்லா இருக்கறதை எதுக்கு அம்மிணி எடுக்கோணும்? ஒருக்கா யோசிக்கலாமே." ஓவர்லாக் தையல் மெசின் முன்னால் முப்பது வருசம் உட்கார்ந்து காது மந்தமான மனுசன், எப்போதும் மெல்லப் பேசுகிறவர், அன்றைக்குக் கொஞ்சம் உரக்கவே சொன்னீர்கள். நான் சொன்னேன். சொல்லிவிட்டேன். "நீ வாயை மூடு. உனக்கென்ன தெரியும்?" நீ. நம் பக்கத்தில் எவள் புருசனைப் பார்த்து, பத்துப் பேர் நடுவில், நீ என்பாள்? அண்ணி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். நீங்கள் கட்டில்காலை விட்டீர்கள். ஆரஞ்சுப் பழத்தை உரித்துச் சுளையில் நாரெடுத்து என் கையில் வைத்தீர்கள். வாயை மூடினீர்கள். ஒன்பது வருசமாக மூடினதுதான். சோறு ஆச்சா, பம்பு எடுத்துக்கிட்டயா, கரண்டு போயிருச்சு, இதெல்லாம் பேச்சா? வேண்டாம் என்று ஒரு வார்த்தை, தப்பு என்று ஒரு வார்த்தை, அப்புறம் உங்கள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. நானும் அதைச் சௌகரியம் என்று நினைத்துக்கொண்டேன். சண்டையில்லாத குடும்பம் என்று ஊரில் பேர்.

"நாலு நிமிசம். இன்னும் ரெண்டுதானுங்க." ஏழாவது நடையா, ஆறா? ஏழு. ஏழின் பாதியில் சுவர் என் பக்கம் வருகிறது. நான்தான் போகிறேனோ. உள்ளங்கையைச் சுவரில் வைத்தேன், குளிர்ச்சியாக இருக்கிறது. விரலில் கிளிப் கீச்சுக்கீச்சென்கிறது. சூடு. இதோ, வந்துவிட்டது, காதுவரை. செத்துப்போவேனா? இந்த வராண்டாவில், இந்தப் பச்சை பெயிண்டுக்குப் பக்கத்திலா? எஸ்தரின் முகத்தில் பதற்றமில்லை, அப்படியென்றால் சாகமாட்டேன். பெஞ்சுப் பக்கம் பார்த்தால் நீங்கள் எழுந்துவிட்டீர்கள், பை தரையில் கிடக்கிறது, இரண்டடி வந்துவிட்டீர்கள். "ஐயா, உக்காருங்க. கூட நடக்கக்கூடாது. உங்க நடைக்கு அவங்க நடந்துருவாங்க, கணக்குத் தப்பிரும்." உட்கார்ந்தீர்கள். உட்கார்ந்தாலும் உங்கள் வலது கால் தரையை அமுக்குகிறது. மெசின் மிதிக்கிறமாதிரி. விட்டு விட்டு, ஓட்டி நிறுத்தி, ஓட்டி நிறுத்தி. இல்லாத மெசினை மிதித்து என்னைத் தைத்து அந்தக் கோடிவரை கொண்டுபோகிறீர்கள். அந்தக் காலைப் பார்த்தேன். சுவரை விட்டேன். உங்கள் மிதிக்கு ஒரு அடி, இன்னொரு மிதிக்கு ஒரு அடி. கணக்குத் தப்பட்டும். எஸ்தருக்குத் தெரியவில்லை, இந்தக் கூட்டு நடையை எந்தச் சட்டமும் தடுக்காது. கூம்பு. திரும்பு. எட்டு. ஊது, விடு. எட்டு முடிந்து ஒன்பது. தப்பு என்னுடையதுதான் மாமா, எனக்குத் தெரியாதா? பாதியாக்கினது நான், கொசுறு கேட்டது நான், நீ என்றது நான். ஆனால் நீங்கள் வாயை மூடச் சொன்னதும் மூடிவிடுவதா? நான் யாருக்கு என்ன சொல்லி எவன் கேட்டிருக்கிறான்? பஜாரில் என்னை எதிர்த்துக் கத்தாத வியாபாரி உண்டா? அவர்களிடமெல்லாம் எனக்குக் கோபமே கிடையாது. கத்துகிறவன் கத்தட்டும், கடைசியில் ஒரு விலைக்கு இரண்டு பேரும் வருவோம். நீங்கள்தான் வரவே மாட்டேன் என்கிறீர்கள். எதிரில் ஆள் இல்லாமல் ஒருத்தி எத்தனை வருசம் பேரம் பேசுவாள்?

"கடைசி நிமிசம்." ஒன்பதாவது கூம்பைத் தொட்டேன். திரும்பினேன். பத்தாவது நடை. வராண்டா நீண்டுகொண்டே போகிறது. கால் இருக்கிறது, தொடை இருக்கிறது, காற்றுதான் இல்லை. காற்று வேண்டும். வேறொன்றும் வேண்டாம். ஒரு மடக்கு. "நில்லுங்க! அப்படியே நில்லுங்க." எஸ்தர் என் கால் நின்ற இடத்தில் ஒரு பட்டையை ஒட்டுகிறார், நாற்காலியை இழுத்துப் போடுகிறார், அளக்கிறார். "ஒம்போது நடை, மேல பதினோரு மீட்டருங்க." பதினொன்று. பத்தொன்பது குறைகிறது. கதவு திறக்கிறது, டாக்டர் உமையாள் வருகிறார். தாளைப் பார்க்கிறார், அட்டையைப் பார்க்கிறார், கட்டங்களின்மேல் பேனாவை ஓட்டுகிறார். "ஒரு நாள் விடாமப் போட்டிருக்கீங்க தெய்வாத்தா, சந்தோசம். ஆனா தொண்ணூறு நாள் போட்டும் இவ்வளவுதான்னா, ரத்தக்கட்டு பயத்தோட இதைத் தொடர்றது நியாயமில்ல. நிறுத்திடலாம். வேற வழி பாக்கலாம்." என் பக்கம் பார்க்கிறார். நான் வாயைத் திறக்கிறேன். வருவது காற்றுகூட இல்லை, விசில். இரண்டு நிமிசமாகும் எனக்குப் பேச்சு வர, அதற்குள் எழுதிக் கையெழுத்துப் போட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார், வெளியே நாற்பது பேர் இருக்கிறார்கள். உங்கள் பக்கம் திரும்புகிறார். "நீங்க என்னங்கய்யா சொல்றீங்க? நிறுத்திடலாமுங்களா?"

உங்கள் வாயில் "சரிங்க" கிளம்பிவிட்டது, எனக்குத் தெரிகிறது, தொண்டைக் குமிழ் ஏறி இறங்குகிறது. அதை விழுங்குங்கள் மாமா. இந்த ஒரு "சரிங்க"வை விழுங்குங்கள். என்னைப் பார்க்காதீர்கள், என் முகத்தில் உத்தரவு தேடாதீர்கள், அவரைப் பாருங்கள். இல்லைங்க என்று ஆரம்பியுங்கள். இவள் பாதிதான் போட்டாள், சொன்ன பேச்சுக் கேட்காத கழுதை இவள், நான் பார்த்தும் சொல்லாமல் இருந்தேன், இன்னும் மூன்று மாசம் முழுசாகக் கொடுத்துப் பாருங்கள் என்று சொல்லுங்கள். உரக்கச் சொல்லுங்கள், நாற்பது பேரும் கேட்கட்டும், எஸ்தர் கேட்கட்டும். எனக்கு அவமானமாக இருக்கும், இருக்கட்டும். கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று சத்தியம் பண்ணமாட்டேன், என்னை எனக்குத் தெரியும், பஸ் ஸ்டாண்டுவரை திட்டிக்கொண்டே வருவேன், நீங்களும் திருப்பித் திட்டுங்கள். ஒன்பது வருசத்துக்கு முன்னால் நீங்கள் சொன்னதுதான் சரி. அன்றைக்கு விட்டதை இன்றைக்கு நேராக்குங்கள். டாக்டர் பேனா மூடியைத் திறந்துவிட்டார். இதில் பேரமே இல்லை, அரையும் இல்லை கொசுறும் இல்லை. வாயைத் திறங்கள் மாமா. எனக்காக, நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள்.